அங்கோர் வாட் மூணு நாள் பாஸ்: விடியக்காலைல போய் ஏமாந்தவன் எழுதுற ரிவ்யூ

சாவறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய இடம்னு யாரு லிஸ்ட் போட்டாலும் அதுல அங்கோர் வாட் இருக்கும், கூடவே அந்த ஒரே போட்டோவும் இருக்கும். முன்னாடி குளம், பின்னாடி செவந்த வானம், நடுவுல கறுப்பா கோபுரம். அந்த போட்டோவ நம்பித்தான் போன பிப்ரவரில அம்மாவ கூட்டிட்டு கம்போடியா போனேன். போய்ட்டு வந்து சொல்றேன், இடம் கண்டிப்பா பாக்க வேண்டிய இடம், ஆனா அந்த போட்டோ எடுக்குற நேரத்துக்கு மட்டும் போயிடாதீங்க.

மொத நாள் நாலு மணிக்கு அலாரம். ஓட்டல்ல பொட்டலம் கட்டி குடுத்த ரெண்டு பன்னோட டுக்டுக்ல ஏறி, குளிர்ல அம்மா முந்தானைய இழுத்து போத்திக்கிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு இருட்டுல நடந்து குளக்கரைக்கு போனா அங்க ஏற்கனவே நாலு வரிசை ஆளு. எல்லார் கையிலயும் போன், செல்ஃபி ஸ்டிக், ஒருத்தர் மடக்கு நாற்காலியே கொண்டு வந்துட்டாரு. சூரியன் வந்துச்சு, வந்தத நான் முன்னாடி நின்னவர் போன் ஸ்க்ரீன்லதான் பாத்தேன். அம்மா கேட்டாங்க, "ஏண்டா, திருச்செந்தூர் கடக்கரைல காசு குடுக்காமயே இத பாக்கலாமே".

யோசிச்சா விஷயம் ரொம்ப சிம்பிள். இது மேற்கு பாத்த கோயில். விஷ்ணுவுக்காக 12ஆம் நூற்றாண்டோட முன்பாதில ரெண்டாம் சூர்யவர்மன் கட்ட ஆரம்பிச்சது. மேற்கு பாத்த வாசல்னா காலைல வெயில் முதுகுப்பக்கம்தான வரும்? அதனாலதான் அந்த போட்டோல கோயில் வெறும் கறுப்பு நிழலா இருக்கு, கல்லுல இருக்குற ஒரு வேலையும் தெரியாது. மத்தியானம் மூணு மணிக்கு மேல போய் நில்லுங்க, மேல்வெயில் நேரா முகத்துல அடிக்கும், அந்த சாம்பல் கல்லு தேன் கலருக்கு மாறும். இத யாரும் எங்களுக்கு சொல்லல, மூணாவது நாள் நாங்களா கண்டுபிடிச்சது.

டிக்கெட் பத்தி சொல்லிடறேன். ஒரு நாளுக்கு 37 டாலர், மூணு நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூணு நாள் பாஸ பத்து நாளுக்குள்ள எந்த மூணு நாள் வேணா யூஸ் பண்ணலாம், தொடர்ச்சியா போகணும்னு இல்ல. வெல ஜாஸ்திதான், ரெண்டு பேருக்குன்னா பத்தாயிரம் ரூபாய தாண்டிடும். ஒவ்வொரு டிக்கெட்லயும் 2 டாலர் காந்தா போபா குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு போகுதுன்னு தெரிஞ்சப்ப அம்மாவுக்கு கொஞ்சம் சமாதானம். டிக்கெட் ஆபீஸ் கோயில் வாசல்ல கிடையாது, வேற ரோட்ல தனியா இருக்கு, அங்க நம்ம மூஞ்சிய போட்டோ எடுத்து டிக்கெட்லயே அடிச்சு குடுப்பாங்க, அதனால கைமாத்தி குடுக்கறதெல்லாம் நடக்காது. தோளும் முட்டியும் மறைஞ்சிருக்கணும். சேலைல போன அம்மாவுக்கு பிரச்சினையே இல்ல, ஷார்ட்ஸோட வந்த பல பேர திருப்பி அனுப்பினத பாத்தோம்.

ஒரு நாள் பாஸ் எடுத்தா ஏன் ஏமாறுவீங்கன்னா, மேல் தளம், பாகான்னு சொல்றாங்க, அங்கதான் நடுக்கோபுரம் இருக்கு, அது அவங்க புத்த விசேஷ நாள்ல மூடிருக்கும். நாங்க போன மொத நாளே அப்படித்தான். மூணு நாள் பாஸ் இருந்ததால திரும்ப வந்து ஏறினோம். பழைய கல்படி கிட்டத்தட்ட செவுத்துல ஏறுற மாதிரி செங்குத்து, இப்ப அது மேல மரப்படியும் கைப்பிடியும் போட்டிருக்காங்க, இருந்தாலும் முட்டிவலி உள்ளவங்க கீழயே உக்காந்துக்கறது நல்லது. அம்மா உக்காந்துட்டாங்க. மேல போனா காத்து, அகழி, அதுக்கு அப்பால சுத்தி காடு. அகழி மட்டும் கிட்டத்தட்ட 190 மீட்டர் அகலம், நம்ம ஊர்ல ஒரு ஆறுன்னே சொல்லிடலாம்.

ஆனா இந்த கோயில்ல காசுக்கு மதிப்பு மேல இல்ல, கீழ சுத்துச்சுவர்லதான் இருக்கு. நாலு பக்கமும் நீள மண்டபம், செவுரு முழுக்க புடைப்பு சிற்பம், ஆள் உயரத்துக்கும் மேல. மேற்குப்பக்கம் ஒரு பாதி குருக்ஷேத்ரம், இன்னொரு பாதி லங்கா யுத்தம். பீஷ்மர் அம்புப்படுக்கைல கெடக்காரு, ராமர் அனுமார் தோள்ல நின்னு அம்பு விடறாரு, எதுத்தாப்ல பத்து தலையோட ராவணன். பல எடத்துல கை பட்டு பட்டு கல்லு எண்ண தேச்ச மாதிரி கறுப்பா மினுங்குது. தெக்குப்பக்கம் சூர்யவர்மனே யானை மேல படையோட வரான், அத தாண்டினா சொர்க்கம் நரகம், நரகம்தான் ரொம்ப டீட்டெய்லா இருக்கு, எல்லா ஊர்லயும் அப்படித்தான் போல.

கிழக்குப்பக்கம்தான் பாற்கடல் கடையறது. 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே கதை. நடுவுல விஷ்ணு, கீழ ஆமை, ஒரு பக்கம் 92 அசுரர், இன்னொரு பக்கம் 88 தேவர், வாசுகிய புடிச்சு இழுக்காங்க. அம்மா மொதல்ல தலை எந்தப்பக்கம்னு பாத்தாங்க. "தலைப்பக்கம் அசுரன், வால்பக்கம் தேவன், சரியாத்தான் வச்சிருக்கான்"னு வாத்தியார் நோட்டு திருத்துற மாதிரி சொன்னாங்க. அப்புறம் கீழ குனிஞ்சு எனக்கு காட்டினது, மத்துக்கு பக்கத்துல இருக்குற மீனு, முதலையெல்லாம் அந்த சுழல்ல ரெண்டு துண்டா அறுந்து கெடக்கு. அத செதுக்கினவன் கடைஞ்சா என்ன ஆகும்னு நெசமாவே யோசிச்சிருக்கான். காலைல இந்தப்பக்கம்தான் வெளிச்சம் நல்லா விழும், ஏழு ஏழரைக்கு சூரியோதய கும்பல் டிபனுக்கு கெளம்பிடும், அந்த நேரத்துல நேரா பின்பக்கம் வந்தீங்கன்னா மண்டபமே உங்களுக்குத்தான்.

கைட் விஷயத்துல மட்டும் நல்லா அடி வாங்கினோம். ஆன்லைன்ல புக் பண்ண ஒரு ஏஜென்சி, பேரு வேணாம், அனுப்பின ஆளு சிற்பத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், "இங்க நின்னா போட்டோ நல்லா வரும்"னு பத்து நிமிஷம், கடைசில பட்டுத்துணி கடைல முக்கா மணி நேரம். ராமாயணம் பாரதம் தெரிஞ்ச வீட்டு ஆளுங்களுக்கு அங்கோர் வாட்டுக்கு கைட் தேவையே இல்லங்கறது என் கருத்து. பக்கத்துல இருக்குற பாயோனுக்கு வேணா வச்சுக்கலாம், ஏழாம் ஜெயவர்மன் கட்டின புத்த கோயில், கோபுரம் பூரா பெரிய பெரிய சிரிச்ச முகம், அங்க கதை நமக்கு புதுசு. தா ப்ரோம், அதான் மரத்து வேரு கோயில நசுக்குற எடம், அழகுதான், ஆனா வேருக்கு முன்னாடி போட்டோ எடுக்க க்யூ. அங்க சீரமைப்பு வேலை செய்யறது நம்ம இந்திய தொல்லியல் துறைன்னு போர்ட பாத்து கொஞ்சம் நெஞ்ச நிமித்திக்கிட்டேன்.

இன்னொண்ணு, "அங்கோர் வாட்ட கட்டினது தமிழன்"னு வாட்ஸ்அப்ல வருதே, அது சரி கெடையாது. கட்டினது கெமர் ராஜா, கெமர் ஜனங்க, அதாவது கம்போடியாவோட சொந்த ஜனங்க. உண்மையான தொடர்பு வேற இருக்கு. கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்துலருந்து வந்தது. காம்போஜ ராஜா, அதாவது இந்த கெமர் ராஜா, ராஜேந்திர சோழனுக்கு தேர் அனுப்பினதா கரந்தை செப்பேட்டுல வருது. இது பத்தாதா?

நெசமாவே மயிர்க்கூச்செறிஞ்சது பந்தியாய் ஸ்ரீல. நாங்க தங்கின சியாம் ரீப் ஊர்லருந்து டுக்டுக்ல ஒரு மணி நேரத்துக்கு மேல, இதுக்கும் அதே பாஸ்தான். 967ல பிரதிஷ்டை பண்ண சிவன் கோயில், அங்கோர் வாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல மூத்தது, செவந்த கல்லு, மரத்துல செதுக்கின மாதிரி நுணுக்கம், வாசலெல்லாம் குனிஞ்சு போற உயரம்தான். கிழக்கு கோபுர வாசலுக்கு மேல சிவன் பத்து கையோட ஆடறாரு. அவர் காலடில ஒரு ஓரமா வத்திப்போன மாரு, எலும்பெடுத்த ஒடம்போட ஒரு பொம்பள உக்காந்திருக்கா. காரைக்கால் அம்மையார்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. நான் அத முன்னாடியே படிச்சிருந்தும் அம்மாகிட்ட சொல்லல, பாக்கட்டும்னு விட்டேன். அம்மா கண்ண சுருக்கி கொஞ்ச நேரம் பாத்தாங்க. "மாங்கனி அம்மையாடா அது?" மாங்கனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் காரைக்கால் போற ஆளு, கடல் தாண்டி இவ்ளோ தூரத்துல அடையாளம் கண்டுக்கிட்டாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல, செருப்ப கழட்டிட்டு நின்னாங்க, பின்னாடி வந்த சீனாக்காரர் குழப்பமா பாத்துட்டு அவரும் தொப்பிய கழட்டினாரு.

சாப்பாடு சுமார். அமோக்னு தேங்காப்பால்ல மீன அவிச்சு தராங்க, அது நல்லாருக்கு, சைவம்னா ரொம்ப விளக்கி சொல்லணும், மீன் சாஸ் எல்லாத்துலயும் இருக்கும். சில்லறை கிழிஞ்ச டாலரா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க, புது நோட்டா கொண்டு போங்க, மீதி ரியெல்ல தருவாங்க, ஒரு டாலருக்கு சுமாரா நாலாயிரம். புது ஏர்போர்ட் 2023ல தொறந்தது, ஊர்லருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அந்த டாக்ஸி காசையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் கொறைச்சது கைடுக்கும் அந்த நாலு மணி அலாரத்துக்கும்.

ஆங், பந்தியாய் ஸ்ரீ போற வழில ப்ரேயா டாக்னு ஒரு கிராமம், ரோட்டோரமா வரிசையா பதனி காய்ச்சறாங்க. அங்க பனைதான் தேசிய மரம், வயல் பூரா நம்ம தூத்துக்குடி பக்கம் மாதிரி பனை. ஒரு அக்கா பெரிய சட்டில கிண்டிக்கிட்டிருந்தாங்க, எங்கம்மா போய் பக்கத்துல குத்த வச்சு உக்காந்து, கரண்டிய வாங்கி தூக்கி பாகு இறங்கறத பாத்துட்டு, இன்னும் கொஞ்சம் ஆகணும்னு கைய ஆட்டினாங்க, அந்தக்கா சிரிச்சுட்டு இல்ல இல்ல போதும்னு தலைய ஆட்டுச்சு. அவங்க வெளுப்பா, வெண்ணெ மாதிரி இருக்கும்போதே இறக்கி ஓலை வளையத்துல ஊத்திடறாங்க. ஓலைல சுத்தின அஞ்சு பொட்டலம் வாங்கினோம். வீட்ல காப்பில போட்டு குடிச்சுட்டு அம்மா சொன்ன தீர்ப்பு: இனிப்பு இருக்கு, உடன்குடி கருப்பட்டி வாசம் இல்ல, அவசரப்பட்டு இறக்கிட்டா.