இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்: ‘இன்வெர்ட்டர் போர்டு மாற்றியாச்சு’ என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கோலாலம்பூரில் மானிட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பழைய 22 அங்குல மானிட்டர் ஒன்று. ஆன் செய்தால் படம் வரும், இரண்டு நொடியில் இருண்டுவிடும். கடையில் 180 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, ‘இன்வெர்ட்டர் போர்டு புதிது’ என்று ரசீதும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் எரியும் விளக்குகளுக்கு உயர் வோல்ட்டேஜ் தருவதுதான் இந்த போர்டு. மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, பின்பக்கத்திலிருந்து கருகல் வாடை. கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே பழைய போர்டு, பல வருடத் தூசியோடு. புதிதாக இருந்தவை ஒரு கப்பாசிட்டரும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), தலைமுடி கனத்தில் ஒரு செம்புக் கம்பியும்தான். இந்தப் பதிவே அந்தக் கம்பிக்காகத்தான்.

இந்த வகை மானிட்டரில் வெளிச்சம் தருவது சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல் விளக்குகள். பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு. பற்றிக்கொள்ள ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; பற்றியபின் 600, 800 வோல்ட்டில் எரியும். இன்வெர்ட்டரின் கன்ட்ரோல் ஐசி (அதை இயக்கும் சிப்) விளக்குகளில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றில் ஓடவில்லை என்றாலும் ஓரிரு நொடி பொறுத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதாவது, இரண்டு நொடியில் இருள்கிறது என்றால் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

செம்புக் கம்பியின் வேலை இங்கேதான். எத்தனை நொடி பொறுத்து அணைப்பது என்று கணக்கிடும் அந்த ஐசியின் டைமர் பின்னைக் கம்பி போட்டு கிரவுண்டில் இணைத்துவிட்டால் அணைக்கும் வேலை நின்றுபோகும். மூன்று விளக்கு எரியும், படம் தெரியும், வாடிக்கையாளரும் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் செத்த விளக்கின் பக்கம் டிரான்ஸ்பார்மர் உச்ச வோல்ட்டேஜை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மானிட்டரில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றிய டேப் பழுப்பேறி, அடியில் போர்டு கரிந்திருந்தது. நாலாவது விளக்கின் இரண்டு முனையும் கன்னங்கரேல். ராத்திரி முழுக்க ஆனில் விடுகிற வீடாக இருந்தால் தீப்பிடிக்க இது போதும். இதை ரிப்பேர் என்று சொல்லிக் காசு வாங்குவது பச்சை மோசடி.

மாற்றிய கப்பாசிட்டரும் சரியில்லை. அங்கே இருக்க வேண்டியது 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். போட்டிருந்தது 16 வோல்ட். அந்த லைனில் ஓடுவதே 15 வோல்ட்டை ஒட்டி. சில மாதத்தில் தலை உப்பிவிடும். 105 டிகிரி வெப்பம் தாங்கும், லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) ரகம்தான் போட வேண்டும். புடுவில் ஜாலான் பாசார் பக்கம் உதிரிபாகக் கடைகளில் ஒன்றிரண்டு வெள்ளிக்குக் கிடைப்பதில் இப்படிக் கஞ்சத்தனம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. திரை இருண்டபின் டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாகவே இருக்கின்றன. ‘பேனல் போச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடலாம். இருளும் முன் திரை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்தால் விளக்குக்கு வயதாகிவிட்டது.

திறந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் போர்டின் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் உறுதி செய்யுங்கள். முதலில் உப்பிய கப்பாசிட்டர்கள், அடுத்து டிரான்ஸ்பார்மர் கால்களில் சாலிடர் விரிசல். பிறகு ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் செகண்டரியையும் (விளக்குப் பக்கச் சுருள்) ஓம் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரே போர்டில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்; ஒன்று ஓப்பன் (சுருள் அறுந்தது) என்றால் குற்றவாளி அதுதான். எல்லாம் சரியாக இருந்தால், நல்லது என்று தெரிந்த விளக்கு ஒன்றை ஒவ்வொரு கனெக்டரிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். குழலை உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

விளக்குக்குப் பதில் எல்இடி கிட் போட்டுக் கொடுப்பது தப்பில்லை. சொல்லிவிட்டுப் போட வேண்டும், ஒழுங்காகப் போட வேண்டும். கிட்டில் ‘எனேபிள்’, ‘டிம்’ என்று இரண்டு ஒயர் வரும். அவற்றைப் பழைய இன்வெர்ட்டருக்கு வந்த பேக்லைட் ஆன், பிரைட்னஸ் லைன்களில் சேர்க்க வேண்டும். சோம்பேறிகள் இரண்டையும் நேரே 5 வோல்ட்டில் கட்டிவிடுவார்கள். வாங்கும்போதே பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள், கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கி ஸ்டாண்ட்பைக்குப் போனபின் வெளிச்சம் அணைகிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் திருப்பிக் கொடுங்கள்.

புது எல்இடி மானிட்டர்களிலும் இதே கதைதான். சரம் சரமாக எல்இடி, ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட். ஒன்று போனால் அந்தச் சரமே அணையும், எல்இடிகளுக்கு மின்சாரம் தரும் டிரைவரும் நின்றுவிடும். போன எல்இடியை ஷார்ட் செய்துவிட்டால் எரியும்தான். ஆனால் பக்கத்துச் சரங்களோடு வோல்ட்டேஜ் பொருந்தாமல் டிரைவர் ஐசி சூடாகும்.

கொடுக்கும்போதே போர்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எடுக்கச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ரசீதில் ‘ரிப்பேர்’ என்று மொட்டையாக எழுதவிடாமல் பாகத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்து தருவது கடையின் பொறுப்பு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, போர்டின் போட்டோ, அந்தக் கம்பி இருக்கும் இடத்தின் நெருக்கமான போட்டோ மூன்றையும் இணையுங்கள். கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அதுவரை அந்த மானிட்டரைப் பிளக்கில் மாட்டவே வேண்டாம்.