மரமும் சிப்மங்கும் ஒரே சீட்டுக்கட்டில்: காட்டுயிர் டிரம்ப் கார்டு வாங்கலாமா?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளுக்காக வாங்கிய காட்டுயிர் டிரம்ப் கார்டைப் பற்றிச் சொல்கிறேன். மல்யுத்த வீரர் கார்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு விதியைச் சொல்லவே வேண்டாம்: உயரம், எடை, ஆயுள், வேகம், யாருடைய எண் பெரியதோ அவருக்கு அடுத்தவர் கார்டு. சிக்கல் என்னவென்றால், இதில் விலங்கையும் மரத்தையும் ஒரே கட்டில் கலந்து வைத்திருக்கிறார்கள்.

அணில் இனத்துச் சின்னப் பிராணியான சைபீரிய சிப்மங்க் வந்தாலே பிள்ளைகள் முகம் சுருங்குகிறது. நூறு கிராம் சுமாருக்கு இருக்கிற பிராணி, 30 மீட்டரைத் தாண்டி வளர்ந்து சில நூறு வருஷம் நிற்கிற கொரியப் பைன் மரத்தோடு என்ன மல்லுக்கட்டும்? மரத்துக்கு வேகம் பூஜ்யம் என்பதால் சிப்மங்க் வைத்திருப்பவர் எப்போதும் "வேகம்!" என்றே கத்துகிறார். ஆட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

இத்தனைக்கும் இந்தக் கட்டிலேயே சுவாரஸ்யமான ஜோடி இதுதான். கொரியப் பைன் விதைக்கு இறக்கை கிடையாது, காய் முற்றினாலும் தானாக விரியாது, அதனால் காற்றை நம்பிப் பயனில்லை, யாராவது வந்து பிரித்து எடுத்துப் போனால்தான் உண்டு. சிப்மங்க் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு போய்க் குளிர்காலத்துக்குப் பதுக்குகிறது. வளைக்குள் வைத்தது குளிர்காலத் தூக்கம் இடையிடையே கலையும்போது சாப்பாடு, மேலாகப் புதைத்துவிட்டு எடுக்காமல் விட்டதில் சில முளைத்து மரமாகின்றன. நம்ம ஊர் அணிலுக்குக் கன்னப் பையும் இல்லை, குளிர்காலத் தூக்கமும் இல்லை. மாங்காய் சீசனில் ஒன்றைப் பாதி கடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடும், தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். விதை விஷயத்தில் ஒரு வரிகூட கார்டில் இல்லை. வால் நீளத்துக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

படங்கள் அருமை. சிப்மங்க் முதுகில் ஐந்து கருங்கோடு, பைனில் ஊசி இலை ஐந்தைந்தாகக் கொத்து, இரண்டையும் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவு. அட்டைதான் மெலிசு, மூலை சீக்கிரம் பிய்கிறது.

எங்கள் வீட்டில் விதியை மாற்றியாயிற்று: சிப்மங்க் பைனை வெட்டும், மற்றதெல்லாம் எண்ணைப் பார்த்துத்தான். அப்புறம்தான் ஆட்டம் சூடு பிடித்தது. அட்டைப் பெட்டியில் போட்ட விலைக்கு வேண்டாம், இருநூறு ரூபாய்க்குள் கொடுத்தால் வாங்கலாம். விதியை மாற்றப் பொறுமை இல்லாதவர்கள் மரக் கார்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்து ஆடினாலும் ஓடும்.