28 லட்சத்துக்கு ஒரு 'நல்ல பற்றரி' லீஃப்: கொழும்பில் பழைய மின்சாரக் கார் தேடுகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறினால் நானும் "சரி, தலைவிதி" என்று விட்டுவிடுவேன். காரை விற்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போனது 28 லட்சம் ரூபாய். கார் நிசான் லீஃப், 2014 மொடல், 24 கிலோவாட் மணி பற்றரி. விற்ற இடத்தின் பெயரைப் போடவில்லை, விஷயம் வக்கீலிடம் போகிறது. பிரதான வீதியோரத்தில் பத்துப் பதினைந்து கார்களைக் கழுவித் துடைத்து, வீல்களுக்குக் கறுப்புப் பூசி வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்களே, அப்படியொரு கார் சேல். அவ்வளவு போதும்.

என்னிடம் இருந்தது பழைய டீசல் கொரோலா. ஒரு குறை சொல்ல முடியாத வண்டி, ஆனால் குடிக்கும் எண்ணெய்க்குக் காசு வேண்டுமே. 2022 ஜூனில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய்க்குப் போனபோது, அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால்தான் என்றிருந்தபோது, அடுத்தது மின்சாரக் கார்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வந்து வரிசை குறைந்தாலும் அந்த முடிவு மாறவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வர என்ன பெரிய தூரம்? புகைச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை, என்ஜின் ஒயில் மாற்றும் செலவு இல்லை, இரவில் வயரைக் குத்திவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி தயார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு நாட்டுக்குள் இருந்த பழைய வண்டிகளின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். புதியது வாங்கும் வசதி நமக்கு இல்லை. கொரோலாவை விற்ற காசு, மனைவியின் சீட்டுக் காசு, மிச்சத்துக்கு மச்சானிடம் கைமாற்று. இப்படிச் சேர்ந்ததுதான் அந்த 28 லட்சம்.

இனி அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வியாபாரமும் அவன் வாயில்தான் நடந்தது. நான் சிங்களத்தில் தொடங்க, "அண்ணா, தமிழ்லயே கதைங்க" என்றான். பிறந்தது கொட்டாஞ்சேனை, அம்மா பருத்தித்துறை என்றான். பிளேன்டீ வந்தது. அங்கே மூன்று லீஃப் நின்றன. நான் வெள்ளை நிறத்துக்காரின் பக்கம் போக, அவன் குரலைத் தாழ்த்தி, "அது வேணாம் அண்ணா. அதுட பற்றரி சரியில்ல, முதலாளி இருக்கிறார், சத்தமா சொல்லேலாது. உங்களுக்கு அந்த நீலத்தத் தாறன்" என்றான்.

அந்த ஒரு வசனத்தில்தான் விழுந்தோம். தன் கடைச் சாமானையே குறை சொல்லுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? என் மனைவி எதற்கும் இலகுவில் தலையாட்ட மாட்டாள், அவளே "பாவம், உண்மையான பெடியன்" என்றாள்.

பார்க்காமல் வாங்கினாயா என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லி விடுகிறேன், பார்த்தேன். லீஃபின் டாஷ்போர்டில் வலது ஓரமாக மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் பார்கள் இருக்கும். பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுவது அதுதான். முழுசாக இருந்தால் 12. நீல வண்டியில் 12ம் நின்றது. அதோடு விட்டானா? தன் பொக்கெட்டிலிருந்து காரின் கம்ப்யூட்டரை வாசிக்கிற ஒரு குட்டி ஓபிடி கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே குத்தி, போனில் லீஃபின் பற்றரி விவரம் காட்டும் லீஃப்ஸ்பை செயலியைத் திறந்து என் கையிலேயே தந்தான். ஆரோக்கியம் 91 சதவீதம். கீழே பற்றரிக்குள் இருக்கிற 96 செல் சோடிகளுக்கும் 96 கோடுகள், பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகளைப் போல ஒரே உயரத்தில். "நீங்களே பாருங்க அண்ணா, நான் சொல்லி நீங்க நம்ப வேணாம்." ஜப்பான் சோதனைக் கணக்கில் இந்த மொடல் 228 கிலோமீட்டர் ஓடும் என்ற தாளையும் காட்டி, "அது பேப்பர்ல. இங்க ஏசி போட்டு 110, 120 கண்ண மூடிக்கொண்டு ஓடலாம்" என்றான். குறைத்துச் சொன்னதால் அதையும் நம்பினோம்.

வங்கியால் காசு போனது, சீஆர் என்கிற வாகனப் பதிவுப் புத்தகம் கைக்கு வந்தது, பெயர் மாற்றமும் ஒழுங்காக நடந்தது. ரசீதின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி: வாகனத்தைப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். இந்த வரி பிறகு எத்தனை தடவை என் முகத்தில் எறியப்பட்டது!

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கொழும்பு–காலி வீதியால் வேலைக்குப் போய் வருவது, இரவில் சார்ஜ். (எங்கள் அப்பார்ட்மென்ட் கொமிட்டியிடம் கார் தரிக்கும் இடத்துக்குத் தனி வயரும் மீட்டரும் போட அனுமதி வாங்கிய கதை வேறு. அது ஒரு தனிப் பாராளுமன்றம்.) பற்றரி பாதியளவுக்குக்கூட இறங்காமல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு பார் அணைந்தது. போன் பண்ணினேன். "வெயில் அண்ணா, இந்த மாசம் சரியான சூடுதானே. மழை விழுந்தா திரும்ப ஏறும்" என்றான். மழை விழுந்தது, அடுத்த பாரும் விழுந்தது. இந்தப் பார்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலாவது பார் அணைவது என்றால் பற்றரியில் 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது இரண்டு பார் போனால் ஐந்தில் ஒரு பங்கு காலி. "ஏசி கூடப் போடுறீங்களா?" என்றான். கொழும்பில் ஏசி போடாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்க்கட்டும். "குவிக் சார்ஜ் அடிக்கிறீங்களா?" இல்லை, ஒரு தடவைகூட இல்லை. "அப்ப சொப்ட்வேர் பிரச்சினை, கொண்டு வாங்க பாப்பம்." கொண்டு போன அன்று ஆள் லீவு.

உச்சம் நீர்கொழும்புப் பயணத்தில். மனைவியின் அக்கா வீட்டுக்கு முழுச் சார்ஜில் போனோம். போய் வர மொத்தம் 90 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. அவன் சொன்ன 110இல் தாராளமாக அடங்க வேண்டும். திரும்பி வரும்போது ஆரோக்கியப் பார்கள் 8. வத்தளையை நெருங்க, இன்னும் 31 கிலோமீட்டர் ஓடும் என்று திரையில் எழுதியிருக்கிறது, ஏசியைக்கூட நிறுத்திவிட்டுத்தான் ஓட்டுகிறேன், திடீரென்று டாஷ்போர்டில் ஒரு செம்மஞ்சள் ஆமை. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், லீஃபில் உண்மையிலேயே ஆமை விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் மோட்டருக்குப் போகும் சக்தியைக் கார் தானே குறைத்துவிடும். எக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தவழ்கிறது. பின்னால் புத்தளம் பஸ் ஹோர்னை அழுத்திக்கொண்டே வருகிறது, பிள்ளை அழுகிறாள், இடப் பக்கம் ஒதுக்க விடாமல் மோட்டார் சைக்கிள்கள். கடைசியில் ஒரு த்ரீவீல்காரரும் பக்கத்துக் கடைப் பெடியன்களும்தான் தள்ளி ஒதுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது கெரியர் லொறியில். அந்தக் கூலியையும் 28 லட்சத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தெரிந்தவர் ஒருவர் மூலம் பஞ்சிகாவத்தைப் பக்கம் மின்சார, ஹைபிரிட் வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒரு முஸ்லிம் மெக்கானிக் நானாவிடம் போனேன். அவர் காரைப் பார்த்ததும் கருவியைக் குத்தவில்லை. முதலில் ஓட்டிப் பற்றரியை நன்றாக இறக்கினார், அப்புறம்தான் செயலியைத் திறந்தார். அன்று ஒரே உயரத்தில் நின்ற 96 கோடுகளில் ஒரு கூட்டம் பள்ளத்தில் கிடந்தது. ஆரோக்கியம் 58 சதவீதம். நாங்கள் அங்கே நிற்கும்போதே டாஷ்போர்டில் பார் 7 ஆனது.

"ரீசெட் அடிச்சீக்கிறாங்க தம்பி" என்றார். அவர் விளக்கியது இது. பற்றரிப் பெட்டிக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. சார்ஜ் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்து, பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று அதுதான் கணக்குப் பண்ணி வைக்கும். புதுப் பற்றரி மாற்றினால் பழைய கணக்கை அழிப்பதற்கு ஒரு வழி உண்டு, அது தேவையான வேலைதான். அதே வேலையைப் பழைய பற்றரிக்குச் செய்தால் பலகை தன்னிடம் புதுச் சாமான் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 12 பாரும் எரியும், செயலியும் அந்தப் பலகையைக் கேட்டுத்தான் சொல்லுகிறது என்பதால் அதுவும் நல்ல நம்பர் காட்டும். ஓட ஓடப் பலகை உண்மையைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்போது பார்கள் ஒவ்வொன்றாக விழும். அது நடக்கச் சில வாரமாகும், அதற்குள் காசு கைமாறியிருக்கும். கோடுகள் சமமாக நின்றதற்கும் காரணம் சொன்னார். சார்ஜ் நிறைந்திருக்கும்போது சோர்ந்த செல்லும் நல்ல செல்லும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்தான் காட்டும், இறங்கினால்தான் வித்தியாசம் வெளியே வரும். "நேற்றுத்தான் அண்ணா ஃபுல்லா சார்ஜ் போட்டு வச்சன்" என்று அவன் பெருமையாகச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லீஃப் கெட்ட வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, நம் ஊர்ச் சூட்டில் வேகமாகத் தேயும், எல்லோருக்கும் தெரிந்த கதை. 58 சதவீதம் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்குத் தந்திருந்தால் கோட்டைக்குப் போய் வர அதுவே போதும். 91 என்று பொய் காட்டி 28 லட்சம் வாங்கியதற்குப் பெயர் வியாபாரமா? செல்களை மாற்றித் திருத்துவதென்றால் 8 லட்சத்திலிருந்து தொடங்கும் என்கிறார் நானா.

நானாவின் ரிப்போர்ட்டோடு சேலுக்குப் போனேன். தம்பி இல்லை. "அவர் இப்ப இங்க வேல இல்ல" என்றார் கணக்குப் பார்க்கிற பெண். அவன் பெயர் என்னவென்று கேட்டேன், முழுப் பெயர் தெரியாதாம். முதலாளி வந்தார். அன்று கை குலுக்கிப் பூசைக்கு எலுமிச்சம்பழம்கூட எடுத்துத் தந்த அதே மனிதர். "பழைய சாமானுக்கு யார் சார் கேரண்டி குடுப்பாங்க? பாத்துத்தானே வாங்கினீங்க?" ரசீதின் அந்த எறும்பு வரியில் விரலை வைத்தார். ரீசெட்டைப் பற்றிக் கேட்டதும், "நாங்க எடுத்தது அப்பிடித்தான், எங்களுக்குக் குடுத்த ஆளிட்டக் கேக்கணும்" என்றார். யார் அந்த ஆள்? புரோக்கர். அவர் எங்கே? துபாயில். அடுத்த தடவை, காரைத் திரும்ப எடுப்பதாக இருந்தால் 15 லட்சம் தரலாம் என்றார், என்னவோ எனக்குத் தர்மம் போடுகிற மாதிரி. அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. மெசேஜ்களுக்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழும். நேற்றிலிருந்து அதுவும் இல்லை, பிளாக்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று. அன்று "பற்றரி சரியில்லை" என்று அவன் தள்ளிவிட்ட அந்த வெள்ளை லீஃப் இப்போது விளம்பரத் தளம் ஒன்றில் கிடக்கிறது. "12 பார், பற்றரி சூப்பர், டீசல் வாகனம் தந்து மாற்றிக்கொள்ளவும் முடியும்." போன் நம்பர் அதே சேலின் நம்பர்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து, எழுத்து முறைப்பாட்டை ரசீதுப் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். வக்கீலின் கடிதம் இந்த வாரம் போகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பாரை நம்பாதீர்கள். விற்கிறவனின் போனில் தெரிகிற நம்பரை அறவே நம்பாதீர்கள், கருவியும் மெக்கானிக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். சார்ஜ் நன்றாக இறங்கிய பிறகு செல்களைப் பாருங்கள், முழுச் சார்ஜில் பார்த்துப் பயனில்லை. 100இலிருந்து 20 வரைக்கும் நீங்களே ஏசி போட்டு ஓட்டி எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று எழுதுங்கள், அதற்கு விடாவிட்டால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் இறங்கி வாருங்கள். ரசீதில் பற்றரியின் சதவீதத்தை எழுதச் சொல்லுங்கள், "எழுதத் தேவையில்ல அண்ணா" என்றால் விளங்கிக்கொள்ளுங்கள். வேறு ஒரு வண்டியைக் குறை சொல்லி இதை எடுங்கள் என்றாலும் அதே கதைதான்.

இதே மாதிரி பார் விழுந்த லீஃப் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடந்த ஒரு வருடத்துக்குள் கார் சேலில் வாங்கியவர்கள், எனக்கு மெசேஜ் போடுங்கள். ரசீது, வங்கிச் சிட்டை, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். நாலு பேர் சேர்ந்தால் முறைப்பாட்டை ஒன்றாகக் கொடுக்கலாம் என்கிறார் வக்கீல்.