மேடைக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே லென்ஸ்: டாம்ரான் 17-28 எஃப்/2.8

எஃப்/2.8 வைட் ஜூம் (அகலமாகப் பார்க்கும், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் ஜூம் லென்ஸ்) வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "14 மிமீ-ல் தொடங்குவது வாங்கட்டுமா, 16-ல் தொடங்குவதா?" நான் திருப்பிக் கேட்பேன்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கழுத்தில் தொங்கப் போகிறது?"

அரங்கத்துக்குள் நடனமும் நாடகமும் படம் பிடிப்பது என் தொழில். வானம் தெளிந்த இரவுகளில் நட்சத்திரங்களை எடுப்பது என் ஆசை. இரண்டுக்கும் நான் எடுத்துப்போவது டாம்ரானின் 17-28 மிமீ எஃப்/2.8. சோனி இ மவுண்ட்டுக்கு (சோனி மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) 2019-ல் வந்தது. எடை 420 கிராம்தான்.

முதலில் எஃப்/2.8 எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். பின்னணி கரைந்துபோகும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 17 மிமீ-இல் எஃப்/2.8 வைத்து மூன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏறத்தாழத் தெளிவாகத்தான் விழும். இந்த அபெர்ச்சரில் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) நமக்குக் கிடைப்பது ஷட்டர் வேகம். மேடையின் பக்கவாட்டில், திரைக்கு ஒட்டி நிற்கிறேன் என்று வையுங்கள். நடனக் கலைஞர் தாவுகிறார். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400, எஃப்/2.8, 1/500 நொடி: விரல் நுனி வரை நின்றுவிடும். அதே வெளிச்சத்தில் எஃப்/4 லென்ஸ் என்றால் 1/250-க்கு இறங்க வேண்டும். முகம் நிற்கும், கையும் பாதமும் இழுபடும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தாலும் அது என் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், ஆடுகிறவரை நிறுத்தாது. இந்த லென்ஸில் அது இல்லாதது எனக்குக் குறையாகவே படவில்லை.

அசையாத கட்டடமும் மலையும் மட்டும் எடுக்கிறவருக்கு முக்காலியும் ஒரு எஃப்/4 லென்ஸும் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல முக்காலியாக வாங்கிக்கொள்ளலாம்.

இனி அகலம். 14 மிமீ பார்க்கும் கோணம் 114 டிகிரி, 17 மிமீ பார்ப்பது ஏறத்தாழ 104. நெருக்கடியான அறைக்குள் சுவரில் முதுகு ஒட்டி நின்று எடுக்கிறவருக்கு அந்தப் பத்து டிகிரி உயிர். ஆட்களை எடுக்கும் எனக்கு அது தொந்தரவு. குழு நடனத்தில் ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை வடிவமாக நீளும், தோள் அகலும். 17-லும் இது உண்டு. அதனால் ஆட்கள் இருக்கும்போது 20-ஐத் தாண்டி அகலமாக நான் போவது அபூர்வம்.

அகலம் கூடக் கூட முன்கண்ணாடியும் புடைத்துக்கொண்டு வரும். நிக்கான் 2007-ல் கொண்டுவந்த 14-24 எஃப்/2.8-ஐ அந்தக் காலத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஓரம் வரை அப்படியொரு கூர்மை. ஆனால் எடை ஒரு கிலோவை நெருங்கும், முன்னால் ஃபில்டர் திருக வழி கிடையாது. 2020-ல் வந்த அதன் இசட் மவுண்ட் வாரிசு 650 கிராமுக்கு இறங்கியது. அதிலும் ஹூட் (முன்னால் மாட்டும் ஒளிமறைப்பு) வழியாக 112 மிமீ ஃபில்டர்தான் மாட்ட வேண்டும். டாம்ரானுக்கு 67 மிமீ போதும். அவர்களுடைய 28-75 எஃப்/2.8-க்கும் அதே அளவு என்பதால் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஓடுகிறது. 28-ல் இது விடும் இடத்தில் அது தொடங்குகிறது.

அந்த 28-தான் இதன் பலவீனமும். ஒரே லென்ஸில் நிகழ்ச்சி முழுவதையும் எடுத்து முடிக்க நினைப்பவருக்கு 28-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளி உறுத்தும். இரண்டாவது கேமரா பாடி வைத்துக்கொள்ளாதவர்கள் 16-35 பக்கம் போவதே நல்லது. சோனியின் 16-35 ஜிஎம் இரண்டாம் பதிப்பு (2023) 547 கிராம்தான். பணம் தடையில்லை என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இன்னொன்று, டாம்ரானின் உடம்பில் ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற கேமராவைத்தான் நாட வேண்டும். இருட்டில் இது எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஜூம் செய்யும்போது நீளம் மாறாதது கிம்பலில் (வீடியோ குலுங்காமல் தாங்கும் கருவி) வைப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நட்சத்திரத்துக்கு வருவோம். நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை நொடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு 500-ஐக் குவிய நீளத்தால் வகுக்கும் பழைய கணக்குப்படி 17 மிமீ-க்கு 29 நொடி வரும். இன்றைய சென்சாரில் அவ்வளவு நேரம் விட்டால் புள்ளி கோடாகிவிடும். நான் 15 நொடியைத் தாண்டுவதில்லை, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400. எந்த எஃப்/2.8 வைட் லென்ஸ் ஆனாலும் மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நட்சத்திரம் விட்டில்பூச்சி போல இறக்கை விரித்திருந்தால் அது கோமா என்ற லென்ஸ் குறை. அபெர்ச்சரை எஃப்/4-க்குக் குறைத்தால் இறக்கை சுருங்கும், ஆனால் வெளிச்சம் பாதியாகிவிடும். ஃபோகஸுக்கு லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் வரை வளையத்தைத் திருப்பினால் போதும். வளையம் கண்ணாடியை நேரடியாக நகர்த்தாமல் மோட்டாரோடு மட்டும் பேசும் வகை என்பதால், கேமராவை அணைத்துப் போட்டால் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ்-சி பாடி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். 17 அங்கே இருபத்தைந்தரையாகிவிடும், வைட் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். டாம்ரானின் 11-20 எஃப்/2.8 அவர்களுக்கானது. சிக்மாவின் 18-35 எஃப்/1.8 அருமையான கண்ணாடிதான், ஆனால் 27-ல் தொடங்குவதற்குச் சமம்.

எந்தக் கம்பெனி லென்ஸ் ஆனாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். முக்காலியில் வைத்து, செங்கல் சுவருக்கு நேர் எதிரே, சென்சாரும் சுவரும் இணையாக இருக்கும்படி நிறுத்தி, எஃப்/2.8-ல் 17, 22, 28 மூன்றிலும் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மங்கல் என்றால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுங்கள். கேமராவைச் சாய்த்து வைத்திருந்தால் மங்கல் சுவரின் அதே பக்கத்தில் நிற்கும். படத்தின் அதே மூலைக்கே திரும்ப வந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கிறது. பேசாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.