பூத்தா, டிக்டாக்கா, கோயில் மண்டபமா? தனி ஆளாகக் கல்வி ஆலோசனை செய்பவர்களுக்கு

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, கண்காட்சியில பூத் போடலாமா, இல்ல அந்தக் காச டிக்டாக்ல போடலாமா?" தனியார் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஆலோசனை சொல்லப் புறப்பட்டிருக்கிறார். நான் திருப்பிக் கேட்டேன்: "உனக்கு யாரு காசு குடுக்கப் போறா? காலேஜா, பெற்றோரா?"

அதற்குப் பதில் தெரியாமல் விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கோலாலம்பூரில் நம் தொழில் பெரும்பாலும் கமிஷனில்தான் ஓடுகிறது. ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் கல்லூரி இவ்வளவு தரும், பெற்றோருக்கு எல்லாம் இலவசம். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே 1976ல் தொடங்கிய ஐஇசிஏ என்ற தனி ஆலோசகர் சங்கத்தில் இருப்பவர்கள், மாணவரைச் சேர்த்ததற்காகக் கல்லூரியிடம் பணம் வாங்கக் கூடாது. பெற்றோர் தரும் கட்டணம்தான் வருமானம். சட்டமும் உண்டு: மத்திய அரசின் மாணவர் உதவித்தொகையை நம்பி நடக்கும் கல்லூரிகள், சேர்க்கைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருவதை 1992ல் தடுத்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு. சொந்த ஊரில் செய்ய முடியாததை நம் ஊரில் அமெரிக்கக் கல்லூரிகள் செய்ய முடிவது அதனால்தான்.

நானும் முதல் சில வருடங்கள் கமிஷனில்தான் இருந்தேன். பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி என் பணத்தை ஆறு மாதம் இழுத்தடித்தது. இப்போது பெற்றோரிடம்தான் வாங்குகிறேன். என் கணக்கு அந்தப் பக்கமே சாயும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மிட் வேலி, கேஎல்சிசி அரங்குகளில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வரிசையாகப் பல்கலைக்கழகங்கள், இலவசப் பை, இலவசப் பேனா, கழுத்தில் அட்டை தொங்கும் சிரித்த முகங்கள். கமிஷனில் பிழைப்பவருக்கு இது அறுவடைக் களம். நிறைய பேரைப் பார்க்கலாம், நிறைய எண்கள் வாங்கலாம், அதில் சிலர் சேர்ந்தால் போதும். கட்டணம் வாங்கும் தனி ஆளுக்கு அது பாலைவனம். பக்கத்து மேசையில் ஐந்து பேர் இலவசமாகச் சொல்வதற்கு நீங்கள் மட்டும் ஏன் காசு கேட்கிறீர்கள் என்பதை அந்த இரைச்சலில் விளக்க முடியாது. நான் ஒருமுறை இன்னொருவரோடு பாதிப் பாதி வாடகை போட்டு நின்றேன். இரண்டு நாள் கால் வலியும் ஒரு பெட்டி மிச்சத் துண்டுப் பிரசுரமும்தான் லாபம்.

ஆனால் கண்காட்சிக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பூத் போடாமல் பார்வையாளராகப் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கொஞ்சம் குறையும்போது பல்கலைக்கழகப் பிரதிநிதிகளிடம் பத்து நிமிடம் பேசினால், அடுத்த சேர்க்கை எப்போது, எந்தப் படிப்புக்கு இடம் சீக்கிரம் நிரம்புகிறது, விண்ணப்பம் மாட்டிக்கொண்டால் யாரை அழைப்பது என்று எல்லாம் தெரிந்துவிடும். கண்காட்சியில் எனக்குக் கிடைத்த ஆதாயமெல்லாம் இந்த வகைதான்.

சமூக ஊடக விளம்பரம் வேகமானது. இன்று பணம் கட்டினால் இன்றே கேள்வி வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "ஃபீஸ் எவ்ளோ? பி.எம்." என்று வரும், பதில் போட்டால் ஆள் காணாமல் போய்விடுவார். இதில் இன்னொரு சங்கடம்: ஃபேஸ்புக் விளம்பரம் ஏலம் போல நடப்பது. இடைநிலைப்பள்ளி இறுதி அரசுத் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வந்த வாரத்தில் பெரிய கல்லூரிகள் எல்லாம் அதே பெற்றோரைக் குறிவைத்துப் பணத்தைக் கொட்டும்போது, உங்கள் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கடலில் கரைத்த பெருங்காயம்தான். காசு போடாமல் செய்யக்கூடிய ஒன்று எனக்குப் பலித்தது. பிள்ளைகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ படித்துக்கொள்கிறார்கள், அம்மாக்கள் தமிழில் கேட்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத் தமிழ் வாட்ஸ்அப் குரல் பதிவு. அது தங்கைக்குப் போகும், சித்திக்குப் போகும், கிள்ளானில் இருக்கும் நாத்தனார் வரைக்கும் போகும்.

வானொலி, பத்திரிகை பற்றி நிறையச் சொல்ல இல்லை. அரசுத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் விருந்தினராக ஒரு நாள் பேசினால் அன்று தொலைபேசி அடிக்கும், மறுநாள் ஓய்ந்துவிடும். அச்சு விளம்பரம் தேடி வரும் வாசகர் வட்டமோ சுருங்கிக்கொண்டே போகிறது. 1924ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019ல் நின்றுபோனது.

சரி, கோயில் மண்டபம். ஞாயிறு தேவார வகுப்பு முடியும் நேரம், "எஸ்பிஎம்முக்கு அப்புறம் என்ன?" என்று ஒரு மணி நேரப் பேச்சு. விற்பனை கிடையாது. எஸ்பிஎம்முக்குப் பிந்தைய வழிகளான எஸ்டிபிஎம் (ஆறாம் படிவம்), மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன், டிப்ளோமா நான்குக்கும் என்ன வித்தியாசம், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியு விண்ணப்பம் எப்படி என்று சொல்வேன். எல்லோரையும் கைபேசியை எடுக்கச் சொல்லி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்கியூஏவின் பதிவேட்டில் ஒரு படிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வைப்பேன். உள்ளூர்த் தனியார் கல்லூரியில் அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்காது என்பது பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது. ஒருமுறை ஒரு அம்மா எழுந்து, "தம்பி, போன வாரம்தான் முன்பணம் கட்டினேன்" என்றார். மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்தப் படிப்பு பதிவேட்டில் இருந்தது, நல்ல வேளை. அவர் வழியாக மட்டும் அந்த ஆண்டு நான்கு குடும்பங்கள் வந்தன.

குறையும் சொல்ல வேண்டும். இது மெதுவாகத்தான் பலிக்கும், ஆறு மாதம் வரைக்கும் ஒன்றும் வராது. "நம்ம ஆளுதானே" என்று கட்டணத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஒரு பிள்ளைக்கு நீங்கள் சொன்னது தப்பாகிவிட்டால், குரல் பதிவு போன அதே வழியில் அதுவும் போகும். அப்புறம், வருகைப் பதிவில் எழுதிய எண்களை எல்லாம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கிறது. எதற்காக எண் வாங்குகிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் வைக்க வேண்டும். நான் தமிழையும் சேர்த்துத் தாளின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுகிறேன்.

மண்டபத்துக்குச் சரியான போட்டி இடைநிலைப்பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியர்தான். ஒருவர் நம்பினால் வருடா வருடம் ஆள் வரும். ஆனால் அவருக்கு ஆள் அனுப்பியதற்குப் பணமோ பரிசோ தந்தால் அன்றோடு உறவு முடிந்தது, முடியவும் வேண்டும். நான் தருவது ஒரு பக்கத் தாள்: அந்த ஆண்டின் விண்ணப்பத் தேதிகள், அவ்வளவுதான். டியூஷன் ஆசிரியர்களும் இதே வகை. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் உளவியலாளர் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொண்டால், நம்மால் முடியாததை அங்கே அனுப்பலாம், அவரும் இங்கே அனுப்புவார்.

தம்பி இன்னும் இரண்டு சேர்க்கைக்காவது கமிஷனில்தான் இருக்கப் போகிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆகவே பூத்தில் பாதியைப் பங்கு போடச் சொன்னேன், கமிஷன் வாங்குவதைப் பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு என்றும் சொன்னேன். மண்டபத்தையும் விட வேண்டாம். ஆனால் முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், எஸ்பிஎம்முக்கு முன் நடக்கும் பள்ளிச் சோதனைத் தேர்வு முடிந்ததும் நடத்தினால் நல்லது. சோதனைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே இடம் தரும் தனியார் கல்லூரிகள் நிறைய. எஸ்பிஎம் முடிவு 2023ல் ஜூன் 8, 2024ல் மே 27, 2025ல் ஏப்ரல் 24 என்று நகர்ந்துகொண்டே வந்தது. அதை நம்பி மண்டபத்துக்கு முன்பதிவு செய்ய முடியாது. தம்பி கேட்டுவிட்டு, மண்டபப் பொறுப்பாளரின் எண்ணை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடு, அடுத்து அங்கே பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது என்றேன்.