பேனாக் கீறல், கத்தி வெட்டு, கிழிசல்: பழைய அமெரிக்க ரெவின்யூ ஸ்டாம்புகளில் எதைச் சேர்ப்பது?

வாடகை ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்துப் போடுகிறோம். கீறல் விழுந்தால்தான் அது செல்லும். அஞ்சல்தலை சேகரித்துப் பழகியவர்கள் ரெவின்யூ ஸ்டாம்புப் பக்கம் வரும்போது முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘மாசற்ற தலை’ என்ற அளவுகோல் இங்கே உதவாது. வரி கட்டியதற்குச் சாட்சியாக ஏதாவது ஒரு காயம் அதில் இருக்கத்தான் செய்யும். எந்தக் காயத்தோடு நம்மால் வாழ முடியும் என்று பார்த்தே பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்ட 1862 ஜூலை 1 அன்று ஒரு வருவாய்ச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அக்டோபர் 1 முதல் காசோலை, பத்திரம், ஒப்பந்தம், காப்புறுதி, மருந்து, சீட்டுக்கட்டு என்று எல்லாவற்றின் மீதும் ஸ்டாம்பு ஏறியது. அந்தக் காலத்து அரிய தலைகளைத் தேடுபவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: 1862இன் முதல் வெளியீடு, 1871க்குப் பின் வந்த இருநிற வெளியீடுகள், நிறுவனங்கள் தாங்களே அச்சு வெட்டிக்கொண்ட தனியார் தலைகள்.

முதல் வெளியீட்டை அச்சிட்டது பிலடெல்பியாவின் பட்லர் அண்ட் கார்பெண்டர் நிறுவனம். ஒரு சென்ட்டில் தொடங்கி 200 டாலர் வரை போகும் இந்த வரிசை முழுவதும் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம்தான். ஒவ்வொரு தலையிலும் அது எந்த ஆவணத்துக்கு உரியது என்று அச்சிட்டிருந்தார்கள்: வங்கிக் காசோலை, அடமானம், குத்தகை, உயில் நிரூபணம், கப்பல் சரக்குப் பட்டியல், தந்தி. நடைமுறையில் இது தொல்லையாகிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, மருந்து போன்ற விற்பனைப் பொருள்களுக்கான தலைகள் நீங்கலாக, எதை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள்.

ஒரே தலை நான்கு வடிவங்களில் கிடைப்பதுதான் இந்த வெளியீட்டின் பெரிய கவர்ச்சி: ஓரத்துளையே இல்லாதது, ஒரு திசையில் மட்டும் துளையிட்டது, முழுவதும் துளையிட்டது, கடைசி ஆண்டுகளில் பட்டு இழை கலந்த காகிதத்தில் அச்சானது. முழுத்துளை வடிவம் மலிவாகக் கிடைக்கும் அதே தலைக்குத் துளையில்லா வடிவத்தில் பல மடங்கு விலை சொல்வார்கள். ஏமாற்று நுழைவதும் இந்த இடைவெளியில்தான். முழுத்துளைத் தலையின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டுத் துளையில்லாதது என்று விற்பது நூறாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. அப்படி ஒன்று என்னிடமும் வந்தது. சாதாரண முழுத்துளைத் தலையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். துளையில்லாதது அகலமாக இருக்க வேண்டும். இதுவோ அரை மில்லிமீட்டர் குறுகியிருந்தது. அதன் பிறகு நான்கு பக்கமும் தாராளமான வெற்றிடம் இல்லாவிட்டால் ஒற்றைத் தலையாக வாங்குவதில்லை; பிரிக்காத ஜோடியாக இருந்தால் மட்டுமே யோசிக்கிறேன். விலை கூடிய தலைகளுக்கு நியூயார்க்கின் பிலடெலிக் பவுண்டேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே கூடாது.

இங்கே காயம் பேனாக் கீறல். பயன்படுத்துபவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் தலை மேல் எழுத வேண்டும் என்பது சட்டம். அஞ்சல்தலைக்காரர்கள் முகம் சுளிக்கும் அந்த மைக்கோடுதான் எனக்கு இதில் பிடித்தது. 1864ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ தன் நிலத்தை விற்றதற்கு அதுவே ஆதாரம். நிறுவனங்கள் தெளிவான கைமுத்திரைகளையும் பயன்படுத்தின. அவற்றுக்கு விலை சற்றுக் கூடுதல். இந்த வெளியீட்டை விரும்புபவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு: ஆவணத்தோடு சேர்ந்திருக்கும் தலையை அதிலிருந்து பிரிக்காதீர்கள். 1864 முதல் 1866 வரை புகைப்படங்களுக்கும் வரி இருந்தது. அக்காலத்துச் சிறு அட்டைப் படங்களின் பின்புறம் இரண்டு, மூன்று சென்ட் தலைகள் ஒட்டியிருக்கும். முன்னால் சீருடை அணிந்த இளைஞனின் முகம், பின்னால் சீட்டுக்கட்டுக்கென்று அச்சான நீலத் தலை. பிரித்தால் ஒரு பழைய படமும் ஒரு சாதாரணத் தலையும்தான் மிஞ்சும்.

மையை வேதிப்பொருளால் கழுவிவிட்டு அதே தலையை மறுபடி விற்கும் மோசடி பெருகியபோது பிறந்தவைதான் இருநிறத் தலைகள். 1871இல் ஜோசப் கார்பெண்டர் அச்சிட்ட இரண்டாம் வெளியீட்டில் நீலச் சட்டத்துக்குள் கறுப்பில் வாஷிங்டன். ஊதா சாயலும் பட்டு இழையும் கொண்ட தனிக் காகிதத்துக்குப் ‘பச்சோந்தி’ என்று பெயர்; கழுவ முயன்றால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எல்லாம் நீலமாக இருந்ததால் எது எவ்வளவு மதிப்பு என்று தெரியாமல் எழுத்தர்கள் குழம்பினார்கள். அதனால் உடனே மூன்றாம் வெளியீட்டில் சட்டத்தின் நிறங்களை மாற்றினார்கள். 1872 அக்டோபரில் காசோலை வரி தவிர மற்ற ஆவண வரிகள் நீங்கிவிட்டன. ஆகவே இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. உயர்மதிப்புத் தலைகள் அரிதாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அழகில் இவற்றுக்கு இணை கிடையாது. மூன்று நிறங்களில் அச்சான 500 டாலர் தலையைச் சேகரிப்பாளர்கள் ‘பாரசீகக் கம்பளம்’ என்கிறார்கள். பார்த்தால் மிகை என்று தோன்றாது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அது படத்தில் பார்க்க வேண்டிய தலை. எட்டக்கூடியது தலைகீழ்ப் பிழைகளில் இருக்கிறது. சட்டமும் முகமும் தனித்தனியாக அச்சானதால் சில தாள்களில் வாஷிங்டன் தலைகீழாக நிற்கிறார். 1918ஆம் ஆண்டின் தலைகீழ் விமான அஞ்சல்தலை நூறே வெளிவந்ததால் அதன் விலை விண்ணைத் தொடுகிறது. மூன்றாம் வெளியீட்டின் இரண்டு சென்ட் தலைகீழ்ப் பிழையோ பொறுமையாகச் சேமிப்பவருக்கு எட்டும் விலைதான்.

இவற்றின் காயம்தான் எனக்கு ஒத்துவராதது. பல தலைகளைக் கத்தியால் வெட்டி ரத்து செய்திருக்கிறார்கள். பின்பக்கம் திருப்பினால்தான் வெட்டு தெரியும். கேட்டலாக்கில் அதற்குத் தனியாகக் குறைந்த விலை உண்டு. நிறமும் நம்பத்தக்கதல்ல. பழைய காகிதத்திலிருந்து எடுக்கத் தண்ணீரில் போட்டால் போனது போனதுதான்.

மூன்றாவது வழிதான் என் மனம் போகும் வழி. மருந்து, தீப்பெட்டி, வாசனைப்பொருள், சீட்டுக்கட்டு தயாரிப்போர் தங்கள் செலவில் அச்சு வெட்டிச் சொந்தத் தலை வைத்துக்கொள்ள சட்டம் அனுமதித்தது. மொத்தமாக வாங்கினால் கழிவும் உண்டு. நூறு தீக்குச்சிக்கு ஒரு சென்ட் வரி. 25 சென்ட் வரையிலான மருந்துக்கு ஒரு சென்ட், 50 வரை இரண்டு. அரசு வரியையே விளம்பரமாக்கிவிட்டார்கள்: நிறுவனத்தின் பெயர், மருந்தின் பெயர், சிலவற்றில் தயாரித்தவரின் முகமே! லோவெல் நகரத்து மருந்து நிறுவனம் ஜே. சி. அயர், டெலாவேரின் தீப்பெட்டி நிறுவனம் ஸ்விப்ட் அண்ட் கோர்ட்னி என்று பெயர்கள் நீள்கின்றன. பதப்படுத்திய பழத்துக்கு பால்டிமோரின் டி. கென்செட் நிறுவனம் மட்டுமே தனித் தலை வைத்திருந்தது. சாதாரணக் காகிதம், பட்டு இழை, இளஞ்சிவப்பு, நீர்க்குறியிட்டது என்று காகிதம் மாறுவதை வைத்தே 1883இல் அந்த வரி நீங்கும் வரைக்கும் காலம் கணிக்கலாம்.

புட்டியைத் திறந்தால் தலை கிழிய வேண்டும். அதற்காகவே அது மூடியின் மேல் ஒட்டப்பட்டது. ஆகவே மடிப்பும் கிழிசலும் மெலிந்த காகிதமும் இங்கே இயல்பு. அரசு வெளியிட்ட ஆறு சென்ட் மருந்துத் தலைக்கும் இதே கதைதான். அந்த வரி விழும் ஒன்றரை டாலர் மருந்துகள் குறைவு, அவற்றின் தலைகளும் திறக்கும்போதே கிழிந்தன. அதனால் முதல் வெளியீட்டின் கடினமான அரிய தலைகளில் அதுவும் ஒன்று. ‘குறையற்றது’ என்று விலை கூட்டிச் சொன்னால் பழுதுபார்க்கப்பட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிந்ததைக் கிழிந்தது என்று சொல்லி விற்கும் தலையை நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

தொடங்குபவருக்கு: முதல் வெளியீட்டில் தேதி எழுதிய ஒரு காசோலையை முழுதாக வாங்குங்கள், புகைப்படம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரே மருந்து நிறுவனத்தை எடுத்து அதன் தலையை நான்கு காகிதங்களிலும் தேடுங்கள். கைக்கு வந்ததும் முதலில் புட்டியின் மூடி எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள். கிழிசலின் திசை அதைச் சொல்லிவிடும்.