அண்டர்டேலா, டிஸ்கோ எலிசியமா: கதைக்காக விளையாட எது?

இரண்டும் இண்டி ஆர்பிஜி வீடியோ கேம்கள்; அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராமல் உருவான, ஒரு பாத்திரமாக மாறி விளையாடும் கேம்கள். கதைக்காகவே பேசப்படுபவை.

நேரம்
அண்டர்டேல் (2015): ஒரு வார இறுதி போதும்.
டிஸ்கோ எலிசியம் (2019): வாரக்கணக்கில் இழுக்கும்.

தேர்வுகளின் எடை
அண்டர்டேலில் யாரையும் கொல்லாமலே முடிக்கலாம். ஆரம்பத்தில் தாய்போல் நம்மைப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவுக்கு (சேமித்த இடத்துக்கு) ரீலோட் செய்து திரும்பிக் காப்பாற்றினாலும், ஃப்ளவி என்ற பேசும் பூ அதைச் சொல்லிக் காட்டும். ரீலோட் செய்வதையே கதைக்குள் கொண்டுவந்த இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.
டிஸ்கோவில் நீங்கள் ஒரு கொலையை விசாரிக்கும் துப்பறிவாளர். பெரிய திருப்பங்கள் அவ்வளவாக மாறாது. நீங்கள் யார் என்பதுதான் மாறும். உங்கள் பாத்திரத்தின் 24 திறன்களும் தலைக்குள் குரல்களாகப் பேசும், ஒன்றையொன்று மறுக்கும், சில சமயம் தப்பான யோசனையும் தரும். உடல்திறன் குறைவாக இருந்தால், மின்விசிறியில் தொங்கும் டையை எடுக்கப் போய் முதல் அறையிலேயே சாகலாம்!

எழுத்து
அண்டர்டேல்: சின்னச் சின்ன வரிகள், நிறைய சிரிப்பு. ஆரம்பம் மெதுவாக நகரும்.
டிஸ்கோ: அபாரமான நடை. ஆனால் வாசிப்பு மலைபோல. அரசியல் பேச்சு சில இடங்களில் நீண்டுவிடும்.

பலவீனம்
அண்டர்டேலின் முழு முடிவைப் பார்க்க முதலில் ஒருமுறை முடித்தாக வேண்டும்.
டிஸ்கோவில் துப்பறியும் முடிச்சு அவிழும் விதம் சிலருக்கு ஏமாற்றம் தரும்.

நேரம் குறைவு, சண்டையும் வேண்டும் என்றால் அண்டர்டேல். நாவல் படிக்கும் பொறுமை இருந்தால் சந்தேகமே இல்லாமல் டிஸ்கோ. டிஸ்கோவில் வசனங்களுக்கு முழுக் குரல் சேர்த்து 2021-இல் வந்த பதிப்பையே எடுங்கள்.